யோசேப்பின் எலும்புகளும் நமது உறுதிகளும்

1990 யூனில் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறி, மருதனார்மடத்திலும் அயலூர்களிலும் வாடகைக்கும் உறவினர் வளவிலும் இருந்த குடும்பங்களுக்கு, "பழையதை மறவுங்கள்" என்று புத்தி சொல்வோர் உளர். வேதமும் அதையே சொல்கிறது என்பர். ஏசாயா 43ஆம் அதிகாரம் முந்தினவற்றை நினைக்கவேண்டாம் என்கிறது. 46ஆம் அதிகாரமோ நினைக்கச் சொல்கிறது. ஒன்றை மட்டும் எடுத்துப் பிரசங்கிப்பது நேர்மையல்ல.

யோசேப்பைப் பாருங்கள். எகிப்தில் தன் மூத்த மகனுக்கு மனாசே என்று பேரிட்டான். தகப்பன் வீட்டைத் தேவன் மறக்கப்பண்ணினார் என்பது அதன் கருத்து. அப்படிச் சொன்னவன்தான் சாகும்போது தன் எலும்புகளை ஊருக்குக் கொண்டுபோக ஆணையிடுவித்தான். அவை கடைசியில் அடக்கமானது சீகேமில், யாக்கோபு விலைகொடுத்து வாங்கிய காணித்துண்டில். வயிறார உண்டவனுக்கும் காணி மறக்கவில்லை! எரேமியா தீர்க்கதரிசியோ எருசலேம் முற்றுகைக்குள் அடைபட்டிருந்தபோதே ஆனதோத்தில் வயல் வாங்கி, உறுதியை மண்பாண்டத்தில் வைப்பித்தார்.

மயிலிட்டித் துறைமுகம் 2017 யூலையில் விடப்பட்டது. பலாலிப் பக்கத்தில் விடப்படாத காணிகள் இன்னும் உண்டு. உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுத்து வையுங்கள். கிணறு எங்கே, பங்குக் கிணறானால் யார் யாருக்குப் பங்கு, வாய்க்கால் எவ்வழி என்பதை முதியவர்கள் இருக்கும்போதே பிள்ளைகளைக் கொண்டு எழுதுவியுங்கள். அன்று பத்து வயதாயிருந்த பிள்ளையே இன்று நாற்பதைக் கடந்துவிட்டது.

மறக்கவேண்டியதும் ஒன்றுண்டு: அரையடி நிலத்துக்காக அயலவனோடு அன்று பிடித்த வேலிச் சண்டை. எல்லைக் கதியால் நடப்போகும் நாளில் அவரையும் கூப்பிடுங்கள். மல்லாகம் கோட்டுக்குப் போகவேண்டாம்.