மணிமேகலையைக் காணோம்!

போன ஞாயிறு சாயங்காலம், ஃபீனிக்ஸ் பேயில் எங்கள் வீட்டு ஹாலில் நாலு தமிழ்க் குடும்பம் உட்கார்ந்து 'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகம் பார்த்தோம். படம் வந்தது 2023-ல். ஆனால் சண்டை என்னவோ நேற்று ரிலீஸ் ஆன மாதிரிதான் நடந்தது.

ஆரம்பித்து வைத்தது அடியேன்தான். "மணிமேகலை இல்லாமல் என்ன சார் பொன்னியின் செல்வன்? நாவலே அவளோட சாவில்தானே முடியுது?" பக்கத்து வீட்டுக்காரர் விடுவாரா? "சேந்தன் அமுதனை என்ன பண்ணி வெச்சிருக்காங்க பாருங்க!" என்றார். நிஜ மதுராந்தகர் யார் என்பதைக் கல்கி எவ்வளவு காலம் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்! படத்தில் அந்த ரகசியமே கிடையாது. 1950-லிருந்து 1954 வரை வாராவாரம் வந்த கதையை, இரண்டு படமாக, ஐந்தரை மணி நேரத்தில் அடைத்தால் இப்படித்தான் என்று தீர்ப்பும் சொல்லியாகிவிட்டது.

அப்போது ஒன்பதாவது படிக்கும் என் மகள் கேட்டாள்: "மணிமேகலை யாருப்பா?"

"புக்கை எடுத்துப் படிடா கண்ணா."

"எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாதேப்பா."

ஹாலில் சத்தமே இல்லை. அங்கே இருந்த ஏழு பிள்ளைகளில் தமிழை எழுத்துக் கூட்டியாவது படிக்கிறவன் ஒரே ஒருத்தன். பேச்செல்லாம் நன்றாகவே பேசுவார்கள். இந்தத் தீவில் தமிழ் சொல்லித்தர வழியில்லையா என்றால், இருக்கிறது. தமிழ்வழிப் பள்ளிக்கூடமே உண்டு. 'டிரான்ஸ்ஃபர் வந்தால் கஷ்டம்' என்று இந்தி எடுக்க வைத்தது நாங்கள்தான். மணிரத்னம் இல்லை.

அன்றைக்கு ராத்திரி பேங்க்காரன் புத்தியோடு பற்றுவரவு எழுதிப் பார்த்தேன். படத்தால் நஷ்டம்: மணிமேகலை, சேந்தன் அமுதன் ரகசியம், இன்னும் சில. வரவு: என் பெண் கேட்ட அந்த ஒரு கேள்வி. பதினாலு வருஷமாக அலமாரியில் இருக்கும் ஐந்து பாகமும் அவளை அப்படிக் கேட்க வைக்கவில்லையே!

அதனால் என் கட்சியை மாற்றிக்கொண்டேன். நாவலை அப்படியே எடுக்க வேண்டும் என்று சட்டமா என்ன? உமாசந்திரனின் நாவலை மகேந்திரன் எவ்வளவோ மாற்றித்தான் 1978-ல் 'முள்ளும் மலரும்' எடுத்தார். பூமணியின் 'வெக்கை'யை நான் படித்ததே 2019-ல் 'அசுரன்' பார்த்த பிறகுதான். புத்தகத்துக்குப் படம் துரோகம் செய்துவிட்டதா என்று சண்டை போடுவது, இரண்டையும் அனுபவிக்க முடிந்தவர்களின் சொகுசு. நம் பிள்ளைகளுக்குப் படம் மட்டும்தான் இருக்கிறது. அதையும் மட்டம் தட்டிவிட்டு அவர்கள் கையில் எதைக் கொடுக்கப் போகிறோம்?

திங்கள்கிழமையிலிருந்து ராத்திரி அரை மணி நேரம் நான் வாசிக்கிறேன், அவள் வரியில் விரல் வைத்துக்கொண்டே வருகிறாள். முதல் நாள் வீரநாராயண ஏரிக்கரையைத் தாண்டவில்லை. ஆடிப்பெருக்கு என்றால் என்ன, ஏரிக்குப் புது வெள்ளம் வந்தால் ஜனங்களுக்கு ஏன் அவ்வளவு சந்தோஷம் என்று ஏகப்பட்ட கேள்வி. கும்பகோணத்தில் பிறந்த எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காத விஷயங்கள். சொல்லச் சொல்ல எனக்கே தொண்டை அடைத்தது.

அவளுக்குப் படத்தில் பிடித்தது பூங்குழலி. ஜெட்டியில் தினமும் படகு பார்த்து வளர்ந்த பெண் ஆச்சே! "அவ எப்ப வருவா?" என்று தினமும் கேட்கிறாள். இரண்டாம் பாகத்தில் என்று சொல்லியிருக்கிறேன். அதுவரைக்கும் 'ழ'வும் 'ள'வும் தகராறு இல்லாமல் வந்துவிடும் என்று நம்பிக்கை.

உங்கள் வீட்டில் எப்படி?

டிஸ்கி: கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. 'இங்கே புத்தகம் கிடைக்கலை' என்ற சாக்கு செல்லாது!