'தொடரும்' என்னும் சொல்

கத்தி உயர்ந்தது, விளக்கு அணைந்தது, 'ஐயோ!' என்றோர் அலறல் எழுந்தது, தொடரும்! இங்ஙனம் அத்தியாயத்தை முடித்தாலன்றிப் புத்தகம் விலைபோகாது என்னும் எண்ணம், கதை எழுதும் ஆர்வமுடைய நம் மாணாக்கர் பலரிடத்தும் வேரூன்றியிருக்கக் காண்கிறோம். அது பாதி உண்மையே என்பது எமது துணிபு.

உண்மையான பாதியை முதற்கண் கூறுவோம். ராஜமையரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1893 முதல் 1895 வரை 'விவேக சிந்தாமணி'யில் வெளிவந்த காலந்தொட்டே, தமிழ் நாவல் பத்திரிகையின் மடியில் வளர்ந்த பிள்ளை. அடுத்த இதழை வாங்கத் தூண்டுதல் தொடர்கதையின் கடமையாதலின், அத்தியாய முடிவில் முடிச்சொன்று வேண்டியதே. நம் அண்டை நகராகிய கோயம்புத்தூரினர் ராஜேஷ்குமார் எழுதிய நாவல்கள் 1500க்கு மேற்பட்டன. அவற்றைப் பேருந்து நிலையக் கடையில் வாங்கி, இறங்குமிடம் வருமுன் முடித்துவிட விரைந்தோர் எத்தனையோ பேர்! படிக்கும் பழக்கத்தை வளர்த்த எதனையும் யாம் இகழோம்.

ஆயினும், ஒரு வாரத்துக்கு விற்பது வேறு. தலைமுறைகளுக்கு விற்பது வேறு. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வாசகரைக் காத்திருக்கச் செய்தது. இன்று வாங்குவோர்க்கோ காத்திருப்பு இல்லை. ஐந்து பாகங்களும் ஒருங்கே கைக்கு வருகின்றன. அருள்மொழிவர்மன் அரியணை ஏறுவான் என்பதைச் சரித்திரம் படிக்கும் சிறுவனும் அறிவான். ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யாவர் என்னும் பெருமுடிச்சோ, ஐந்தாம் பாகத்திலும் ஐயமற அவிழ்ந்ததில்லை. எனினும் நூல் விற்கிறது. 1999இல் நாட்டுடைமையாக்கப்பட்டதனால் பதிப்பகத்தார் பலர் மலிவு விலையில் வெளியிடுவதும், 2022, 2023 ஆம் ஆண்டுகளில் வந்த திரைப்படங்களும் காரணமன்றோ எனின், ஆம். ஆனால் அவை வாசகரைக் கடைவாயில்வரை அழைத்து வருவனவே. படித்து முடித்தவரை மீண்டும் முதற்பக்கத்துக்கு இழுப்பது வந்தியத்தேவனின் வாய்த்துடுக்கும் நந்தினியின் ஆறாத வேதனையுமாம்.

பனியன் துணியை அறியாதார் திருப்பூரில் இலர். அத்துணியில் ஒவ்வொரு கண்ணியும் தனக்கு முந்திய கண்ணியைப் பற்றி நிற்கிறது. ஒன்று அறுந்தால் அவ்வரிசை நெடுகப் பிரிந்துவிடுகிறது. அத்தியாய முடிவும் அத்தகையதே. அலறியது யார் எனத் தவிக்கவிட்டு, அடுத்த அத்தியாயத்தில் 'அது வெறும் பூனை' என்றால், அக்கணமே கண்ணி அறுந்தது. 'ஷிப்டு' முடிந்து களைத்து வந்தவர், உறக்கத்தைக் குறைத்து அந்நூலைக் கையில் எடுத்திருக்கலாம். அவருடைய காசு சிறிதாயினும், அவர் ஈந்த அரைமணி நேரம் பெரிது. அவரை ஒருமுறை ஏமாற்றலாம். மறுமுறை அவர் பத்திரிகையையே வாங்கார்.

ஆகவே, இளம் எழுத்தாளர்களே, முடிச்சுப் போடுங்கள்; ஆனால் அவிழ்க்கும் வழியை அறிந்த பின்னர்ப் போடுங்கள். இன்னும் ஒன்று: நமது மலர் ஆண்டுக்கொருமுறை வருவது. இதில் 'தொடரும்' என்றெழுதினால், மறு பகுதி வருமுன் கதாசிரியர் பட்டம் பெற்றுப் போயிருப்பார்!