செட்டப் பைலைத் தயாரிப்பது யார்?

ஒரு சாப்ட்வேர் வேண்டுமென்றால் செட்டப் பைலை டவுன்லோட் செய்கிறோம். டபுள் கிளிக் செய்து, நான்கு முறை நெக்ஸ்ட் அழுத்தினால் வேலை முடிந்தது. அந்த பைலை யார், எப்படித் தயாரித்தார் என்று யோசிப்பதில்லை. யோசிக்க வைக்கும் ஓர் ஆபரேட்டிங் சிஸ்டம் இருக்கிறது. பெயர் செரினிட்டி ஓ.எஸ்.

2018ல் ஸ்வீடனைச் சேர்ந்த ஆண்ட்ரியாஸ் கிளிங் இதைத் தொடங்கினார். இது யூனிக்ஸ் வகை. ஆனால் லினக்ஸ் அல்ல. கெர்னலில் தொடங்கி எடிட்டர் வரை புதிதாக எழுதினார்கள். சோர்ஸ் கோடை நாமே லினக்ஸில் கம்பைல் செய்து, க்யூஎமு என்ற சாப்ட்வேருக்குள் ஓட்டிப் பார்க்கலாம்.

பைத்தான், கிட், டூம் விளையாட்டு போன்ற வெளி சாப்ட்வேர்களுக்கு இதில் 'போர்ட்ஸ்' என்று தனி போல்டர் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறிய ஸ்கிரிப்ட் பைல். எங்கிருந்து டவுன்லோட் செய்வது, வந்த பைல் அசல்தானா என்று எப்படிச் சோதிப்பது, எப்படி கம்பைல் செய்வது எல்லாம் அதில் இருக்கும். சமையல் குறிப்பு மாதிரி.

குறிப்பு எழுதுவது சுலபம். தலைவலி பிறகுதான். லினக்ஸில் உள்ள ஒரு பங்ஷன் இங்கே இருக்காது. சில பழைய சாப்ட்வேர்கள் 'செரினிட்டி' என்ற பெயரே தெரியாமல், கம்பைல் தொடங்கும் முன்பே நின்றுவிடும். இவற்றைச் சரிசெய்யும் திருத்தத்துக்குப் பேட்ச் என்று பெயர். அடுத்த வெர்ஷன் வந்ததும் பழைய பேட்ச் பொருந்தாமல் போகலாம். மறுபடியும் உட்கார வேண்டும்.

என் கருத்து இதுதான்: பேட்ச் போட்டு ஓடவைத்ததோடு வேலை முடிந்ததாக நினைக்கக் கூடாது. இல்லாத பங்ஷனை ஆபரேட்டிங் சிஸ்டத்திலேயே சேர்த்தால், அதே பங்ஷனைத் தேடும் மற்ற சாப்ட்வேர்களும் பலன் பெறும். தவறு சாப்ட்வேரில் இருந்தால், திருத்தத்தை அதை எழுதியவருக்கே அனுப்ப வேண்டும். அவர் ஏற்றுக்கொண்டால் அடுத்த வெர்ஷனில் அந்த பேட்ச்சே தேவைப்படாது. போல்டரில் பேட்ச்கள் குவியக் குவிய, அவற்றைப் பராமரிக்கும் சிலர் களைத்துவிடுவார்கள்.

2024ல் கிளிங் லேடிபேர்ட் என்ற பிரவுசரில் கவனம் செலுத்துவதற்காக விலகினார். தொடங்கியவர் போன பிறகு இப்படிப்பட்ட சிஸ்டம் நிலைப்பது, இந்தச் சில்லறை வேலைகளைச் செய்யும் தன்னார்வலர்களால்தான்.

சிலர் மட்டும் பயன்படுத்தும் சிஸ்டத்துக்கு இவ்வளவு பாடா என்று கேட்கலாம். புது இடத்தில் ஓட்டிப் பார்க்கும்போதுதான், லினக்ஸில் வெளியே தெரியாத தவறுகள் பிடிபடுகின்றன. அந்தத் திருத்தம் நம் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் வந்து சேரும். எங்கள் துறையில் புது வசதி எழுதியவருக்குக் கிடைக்கும் பாராட்டு, பேக்கேஜ் செய்பவருக்குக் கிடைப்பதில்லை. கிடைக்க வேண்டும்.

நீங்கள் பயன்படுத்தும் இலவச சாப்ட்வேர் எதிலாவது கோளாறு தென்பட்டால், என்ன செய்தபோது வந்தது, எந்த வெர்ஷன் என்று தெளிவாக எழுதித் தயாரித்தவருக்கு அனுப்புங்கள். புரோகிராம் எழுதத் தெரியாதவரும் செய்யக்கூடிய உதவி அது.