குப்பை வண்டிக்கு நேரம் குறிப்பது யார்?

வீடுகளிற் சேரும் குப்பையை உரிய காலங்களில் அகற்றுவது சபையின் கடமை என 1947ஆம் ஆண்டின் மாநகரசபைக் கட்டளைச் சட்டம் விதித்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டமும் அதே கடமையைப் பிரதேச சபைகள்மீது சுமத்தியது. ஆயின், அந்த உரிய காலம் எது? கிழமையில் எந்த நாள்? அந்நாளில் எத்தனை மணி? சோலைவரி இறுப்போருள் எத்தனை பேரால் இதற்கு விடை கூற இயலும்?

விளைவு யாது? காலையிற் பணிக்குப் புறப்படும் உத்தியோகத்தரும் ஆசிரியரும் முதல்நாள் இரவே குப்பைப் பையை ஒழுங்கை முகப்பில் வைத்துவிடுகின்றனர். நாய்களும் கட்டாக்காலி மாடுகளும் அதனைக் கிழித்துப் பரப்புகின்றன. மழை பெய்தாற் பொலித்தீன் வாய்க்காலை அடைத்து வயலிற் சென்று சேர்கின்றது. யாழ்ப்பாணக் குடாநாடோ ஆறில்லாத நாடு. சுண்ணக்கல்லினூடே ஊறும் கிணற்று நீரே அதன் உயிர். தெருவில் அழுகுவதன் சாறும் அந்நிலத்துள்ளேதான் இறங்குகின்றது. நகரத்தின் ஒழுங்கீனத்துக்குக் கமக்காரன் தண்டம் இறுப்பதா?

வாகனமும் ஆளும் போதா எனச் சபையினர் கூறுவர். உண்மையே. ஆனால், உள்ளது குறைவென்றால் அதனை ஓர் ஒழுங்கின்படி ஓட்டுவது இன்னும் அவசியமன்றோ?

ஆகவே, வட்டாரந்தோறும் நாளும் நேரமும் குறித்து உபவிதி இயற்றுக. அதனை வாசிகசாலையிலும் சந்தையிலும் யாவரும் காண ஒட்டுக. மக்கள் பணிக்குப் புறப்படுமுன் வண்டி வரட்டும். சந்தைக் கழிவை வியாபாரம் முடிந்த அன்றே அகற்றுக. சமையற் கழிவு வேறாகச் சேர்க்கப்படின் தோட்டத்துக்குப் பசளையாகும். சுத்திகரிப்புத் தொழிலாளியின் கையும் கண்ணாடித் துண்டுக்குத் தப்பும். குறித்த நேரத்துக்கு முன் தெருவிற் குப்பை வைப்போருக்குத் தண்டம் விதிப்பதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால், வண்டி தவறிய நாளில் சபையும் பதில் கூறல் வேண்டும். ஒரு பக்கத்தாரை மட்டும் கட்டும் விதி நீதியாகாது.

2023 மார்ச்சிற் பெரும்பாலான சபைகளின் பதவிக்காலம் முடிந்தது. 2025 மே 6ஆம் திகதித் தேர்தல் வரை, ஈராண்டுக்கு மேலாக, அதிகாரிகளே அவற்றை நடத்தினர். மக்கள் பிரதிநிதிகள் இல்லை என்ற அச்சாக்கு இன்று செல்லாது. கொழும்பு தர மறுக்கும் அதிகாரங்களைக் கேட்பது நமது உரிமை. தந்துவிட்ட அதிகாரத்தை முறையாகச் செலுத்திக் காட்டுவது நமது கடமை. குப்பை வண்டிக்கு நேரம் குறிக்க எந்த அமைச்சரும் நம்மைத் தடுக்கவில்லை.