போனவர் பெயரை அடித்துவிட்டீர்களா?

பெரட்டு என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. விடியுமுன் களத்தில் வரிசையாக நிற்க, கிராணியார் செக்ரோலைப் பார்த்துப் பெயர் வாசிப்பார். யார் வந்தார், யார் வரவில்லை, யாருக்கு எந்த வேலை, எத்தனை நாள் பேர் விழுந்தது எல்லாம் அந்த ஒரே புத்தகத்தில் இருக்கும். அதில் பெயர் இல்லாதவருக்கு வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை.

உங்கள் பிள்ளைகளில் பலர் இன்று சிங்கப்பூரில் கணினி வேலை பார்க்கிறார்கள். அவர்கள் வாயில் 'டைரக்டரி சர்வர்' என்ற பேச்சு அடிக்கடி அடிபடும். ஏதோ பூதம் என்று பயந்துவிடாதீர்கள். அது கணினிகளுக்கு எழுதிய செக்ரோல், அவ்வளவுதான்!

சிராங்கூன் சாலையில் ஒரு துணிக்கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்று கிளை, முப்பது பேர், பத்துக் கணினி. ஒவ்வொரு கணினியிலும் ஒவ்வொருவர் பெயரையும் மறைச்சொல்லையும் தனித்தனியே பதிந்தால் முந்நூறு பதிவுகள் ஆகும். ஒருவர் வேலையை விட்டு நின்றால் பத்து இடத்திலும் அவர் பெயரை அடிக்க வேண்டும். ஒன்பதில் அடித்து ஒன்றை மறந்தாலும் அந்தக் கதவு திறந்தே கிடக்கும். மத்தியப் பெயரேடு ஒன்று இருந்தால் ஒரே இடத்தில் அடித்தால் போதும்.

இதற்கான உலகப் பொதுவிதி 1988இல் வந்தது. அது பெரும் சுமையாக இருந்ததால், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 1990களின் தொடக்கத்தில் அதை எளிமையாக்கி 'எல்டாப்' முறையைக் கொடுத்தார்கள். மைக்ரோசாப்ட் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் 'ஆக்டிவ் டைரக்டரி'யைக் கொண்டுவந்தது. காசு கொடுக்காமல் பயன்படுத்த 'ஓப்பன் எல்டாப்' இருக்கிறது.

அமைக்கும்போது சில காரியங்களை மறக்கக் கூடாது. ஆளாளுக்கு உரிமை கொடுக்காமல் கல்லாவில் இருப்போர், கிடங்கில் இருப்போர், கணக்கர் என்று குழு பிரித்து, குழுவுக்கு உரிமை கொடுங்கள். பெயரேட்டை ஒரே சர்வரில் வைத்தால் அது படுக்கும் நாளில் கடையே படுத்துவிடும். இரண்டாவது சர்வரிலும் அதன் பிரதி இருக்கட்டும். கடிகாரங்களும் ஒத்துப்போக வேண்டும். ஆக்டிவ் டைரக்டரியில் நேரம் ஐந்து நிமிடத்துக்கு மேல் பிசகினால், மறைச்சொல் சரியாக இருந்தாலும் உள்ளே விடாமல் போகலாம்.

அமைத்துவிட்டால் வேலை முடிந்ததா? அங்கேதான் பலரும் ஏமாந்து போகிறார்கள். பெரிய இடத்துக் கதை ஒன்றைக் கேளுங்கள்.

2018 ஜூன் 27 முதல் ஜூலை 4 வரை, சிங்கப்பூரின் சிங்ஹெல்த் மருத்துவக் குழுமத்தின் தகவல் களஞ்சியத்தில் திருடர்கள் கைவைத்தார்கள். சுமார் 15 லட்சம் நோயாளிகளின் பெயர், அடையாள அட்டை எண், முகவரி, பிறந்த தேதி பறிபோயின. சுமார் 1,60,000 பேருக்குக் கொடுத்த மருந்து விவரமும் போனது. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் விவரமும் அதில் ஒன்று!

விசாரணைக் குழுவின் அறிக்கை 2019 ஜனவரியில் வெளிவந்தது. திருடர்கள் கைப்பற்றிய கணக்குகளில் ஒன்று, ஒரு சர்வரிலேயே தனியாக இருந்த நிர்வாகிக் கணக்கு. அன்றாட வேலைக்கு யாரும் பயன்படுத்தாத கணக்கு அது. அதன் மறைச்சொல்லோ, 'பாஸ்வேர்ட்' என்ற சொல்லையே ஓரிரு எழுத்து மாற்றி எழுதியது! அதே மாதம் சிங்ஹெல்த்துக்கு இரண்டரை லட்சம் வெள்ளியும், கணினி வேலையைக் கவனித்த நிறுவனத்துக்கு ஏழரை லட்சம் வெள்ளியும் அபராதம் விழுந்தது.

அங்கே காசுக்குப் பஞ்சமா? படித்தவருக்குப் பஞ்சமா? இரண்டும் இல்லை. கவனிப்பாரற்றுக் கிடந்த பழைய சாவியும் திருடனுக்கு ஒரு வழியானது. ஊரைவிட்டுப் போனவன் பெயர் செக்ரோலில் கிடந்தால் அவன் பேரில் எவனோ சம்பளம் எடுப்பான். யாரும் தொடாத கணக்கும் அப்படித்தான்.

ஆகவே, கணினி வேலையில் இருக்கும் தம்பி தங்கையரே, மாதம் ஒருமுறை பெயரேட்டைப் புரட்டுங்கள். வேலையை விட்டவர் பெயரை அன்றைக்கே முடக்குங்கள். ஏட்டில் வராமல் அந்தந்தக் கணினியில் தனியாக ஒளிந்திருக்கும் கணக்குகளையும் தேடிப் பிடியுங்கள். கொத்துச் சாவி போன்ற நிர்வாகிக் கணக்கை அன்றாட வேலைக்குத் தொடாதீர்கள். அதற்கு மறைச்சொல்லோடு இரண்டாவது பூட்டும் போடுங்கள்.

பெற்றோரே, உங்கள் கூட்டுறவுக் கடையிலோ, கோயில் கணக்கிலோ, தமிழ்ப் பள்ளியின் கணினி அறையிலோ இதே கேள்வியைக் கேட்கலாம். போன வருஷம் பொறுப்பில் இருந்தவரின் மறைச்சொல் இன்னும் செல்லுமா? இதைக் கேட்பது யாரையும் சந்தேகப்படுவது ஆகாது. நல்லவர் மீது நாளை வீண்பழி விழாமல் காப்பதும் இதுதான்.

வீட்டைக் கட்டுவது ஒரு நாள் வேலை, கூட்டுவது தினசரி வேலை. பெயரேடும் அதுபோலத்தான். அடுத்த இதழில் சந்திப்போம்.