பார்த்தோம், மார்க் போட்டோம்

ஆவணப்படம் பார்க்கிற பழக்கம் நம் வீடுகளுக்கு வந்துவிட்டது. ஒரு காலத்தில் திரைப்படச் சங்கத்துக்காரர்கள் மட்டும் தேடிப்போய்ப் பார்த்ததை இன்று சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து எல்லோரும் பார்க்கிறோம். மறுநாள் அலுவலகத்திலும் வாட்ஸ்அப் குழுவிலும் கருத்துச் சொல்கிறோம். அந்தக் கருத்துகளை வரிசையாக எடுத்து வைத்துப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. “செம மேக்கிங்.” “ரெண்டாவது எபிசோட் இழுவை.” “ஒரு தடவை பார்க்கலாம்.” சினிமாவுக்கு வைத்திருந்த அளவுகோலை அப்படியே இதற்கும் நீட்டிவிட்டோம். படம் முடிந்த பிறகும் அதே ஊரில் அதே வாழ்க்கையைத் தொடர்கிறவர்களைத்தான் பார்த்தோம் என்பது நமக்கு உறைக்கவே இல்லை.

‘தி எலிஃபென்ட் விஸ்பரர்ஸ்’ 2023 மார்ச்சில் ஆஸ்கர் வாங்கியபோது நாம் பூரித்துப்போனோம். முதுமலை தெப்பக்காட்டில் யானைக் குட்டிகளை வளர்த்த பொம்மனும் பெள்ளியும் பேசும் தமிழ் உலக மேடைக்குப் போனது பெருமைதான். கூட்டம் கூட்டமாகத் தெப்பக்காட்டுக்குப் போய், படத்தில் வந்த யானை ரகுவைப் படம் எடுத்துக்கொண்டோம். ஆனால், அந்த நாற்பது நிமிடப் படமே சொன்ன செய்திகளை நாம் பேசவில்லை. ரகுவின் தாய் மின்சாரம் தாக்கி இறந்தது. பெள்ளியின் முதல் கணவரைப் புலி அடித்தது. பிள்ளைபோல் வளர்த்த ரகுவை வனத்துறை வேறொருவரிடம் ஒப்படைத்தபோது அவர்கள் இருவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. யானை ஊருக்குள் வருவது ஏன், பொம்மன், பெள்ளி போன்ற காட்டுநாயக்கர் பழங்குடியினருக்குக் காட்டின்மீது என்ன உரிமை, 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அவர்கள் வாசல்வரை வந்ததா என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்? “குட்டி யானை எவ்வளவு அழகு” என்பதோடு நம் பேச்சு முடிந்துவிட்டது.

அதே 2023-இல் ‘தி ஹன்ட் ஃபார் வீரப்பன்’ நான்கு பகுதிகளாக வந்தது. விடிய விடியப் பார்த்தோம். வீரப்பனின் மீசையைப் பற்றியும் தந்திரத்தைப் பற்றியும் 2004 அக்டோபரில் நடந்த கடைசி வேட்டையைப் பற்றியும் பேசித் தீரவில்லை. அந்தத் தேடுதலின் பெயரால் அதிரடிப் படையிடம் சிக்கிச் சீரழிந்த மலைக்கிராம மக்களைப் பற்றிய பேச்சு மட்டும் எழவில்லை. அவர்களுடைய புகார்களை நீதிபதி சதாசிவா தலைமையிலான குழு விசாரித்ததும், 2007-இல் தேசிய மனித உரிமை ஆணையம் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இழப்பீடு தரச் சொன்னதும் பொதுப் பதிவில் இருக்கின்றன. தொடரைப் பார்த்த கையோடு தேடிப் படிக்க அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரத்தை நாம் தரவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய கடன் ‘கக்கூஸ்’ படத்துக்கு நாம் பட்டிருப்பது. மலக்குழியில் இறங்குகிறவர்களைப் பற்றி திவ்யபாரதி எடுத்து 2017-இல் வெளிவந்த படம். பல இடங்களில் திரையிட விடாமல் தடுத்தார்கள், யூடியூபில் ஏற்றினார். அதைப் பார்த்த நாம் சொன்னது: “பார்க்கவே முடியல, சாப்பாடு இறங்கல.” நம் அருவருப்பையே மனிதாபிமானம் என்று எண்ணி ஆறுதல் அடைந்தோம். கையால் மலம் அள்ளும் வேலைக்கு ஆள் வைப்பதைத் தடைசெய்த சட்டம் 2013-லேயே வந்துவிட்டது. சாக்கடைக்குழியில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. சாவு நின்றிருந்தால் தொகையை உயர்த்த வேண்டிய தேவை ஏது? படம் பார்த்த நமக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

இந்த அலட்சியம் ஓடிடி காலத்தில் பிறந்ததும் அல்ல. 1937 அக்டோபர் 2 அன்று, அட்லாண்டிக் கடலில் கப்பலில் போய்க்கொண்டிருந்த பயண எழுத்தாளர் ஏ.கே. செட்டியாருக்குக் காந்தியைப் பற்றி ஒரு படம் எடுக்கத் தோன்றியது. உலகம் சுற்றி, நூறு ஒளிப்பதிவாளர்கள் முப்பது ஆண்டுகளில் எடுத்த 50,000 அடிப் படச்சுருளைத் திரட்டி, 1940-இல் தமிழ் வர்ணனையோடு அதை வெளியிட்டார். வெள்ளைக்காரன் ஆட்சியில் துணிந்து செய்த வேலை அது. அந்தப் படத்தை நாம் பத்திரப்படுத்தவில்லை. பல பத்தாண்டுகள் கழித்து வரலாற்றாய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதி தேடிக் கண்டது, அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இருந்த பிற்கால ஆங்கில வடிவத்தைத்தான்.

ஏன் இப்படி ஆனோம்? சினிமாவுக்கு மார்க் போட்டே வளர்ந்தவர்கள் நாம். பார்த்தது மனதில் படியும் முன்பே அடுத்த பகுதி தானாக ஓடத் தொடங்குகிறது, நாமும் விட்டுவிடுகிறோம். நாள் முழுக்க உழைத்து அலுத்தவர்கள் ராத்திரியில் எதையாவது பார்த்து இளைப்பாறுவதில் குற்றமில்லை. படத்தொகுப்பு நன்றாக இருந்ததா, இசை பொருந்தியதா என்று பேசுவதும் தவறில்லை. ஆனால் ஆவணப்படத்திடம் முதலில் கேட்க வேண்டியவை வேறு. யார் பேசுகிறார்கள், யாரைப் பேசவிடவில்லை? காட்டப்பட்டவர்களுக்கு இந்தப் படத்தால் நன்மை உண்டா? சொன்னது உண்மையா, சொல்லாமல் விட்டது எது? இவற்றைக் கேட்காமல் நாம் சொன்ன கருத்துகள் எல்லாம் அரைகுறை. அதனால், இரண்டாம் பகுதி இழுக்காத படம்தான் எடுக்கப்படுகிறது. இழுத்தாலும் சொல்லியாக வேண்டியதைச் சொல்கிறவருக்குப் பணம் போட ஆளில்லை. அந்தப் பழியில் நமக்கும் பங்குண்டு.

திருத்திக்கொள்ள வழி இருக்கிறது. ஒரு படம் பார்த்தால் அதில் வந்த ஒரு சட்டத்தையோ வழக்கையோ தேடிப் படிப்போம். நான்கு பேரோடு சேர்ந்து பார்த்து, முடிந்ததும் உட்கார்ந்து பேசுவோம். திரையிடலை யாராவது தடுத்தால் பார்வையாளர்களாகிய நாம் எதிர்த்துக் கேட்போம். நம் குடியிருப்பில் கழிவுநீர்த் தொட்டி அடைத்துக்கொள்ளும்போது இயந்திரம் வருகிறதா, ஆள் இறங்குகிறாரா என்று சங்கச் செயலாளரிடம் கேட்போம். ஆள் இறங்கினால் தடுப்போம். அதைச் செய்த பிறகு ‘கக்கூஸ்’ படத்தைப் பற்றி நாம் சொல்லும் கருத்துக்கு மதிப்பு இருக்கும்.