மலட்டு மாத்திரை வதந்தியும் எமது வீட்டு மௌனமும்

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் உணவகம் தாக்கப்பட்டது. பள்ளிவாசலும் தப்பவில்லை. சாப்பாட்டில் சிங்களவர்களுக்கு 'மலட்டு மாத்திரை' கலந்து கொடுக்கிறார்கள் என்ற கதைதான் காரணம். அரச பகுப்பாய்வாளர் பரிசோதித்துப் பார்த்தபோது அது வெறும் மாக்கட்டி. அந்த அறிக்கையை வாசித்தவர்களைவிட வீடியோவைப் பார்த்தவர்கள்தான் அதிகம். அடுத்த வாரம் திகனயில் நடந்ததை நாம் மறக்கவில்லை.

அடுத்த வருடம், உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகு, அதே கதை வெள்ளைக் கோட்டு அணிந்து வந்தது. 2019 மே 23ஆம் திகதி திவயின பத்திரிகை, ஒரு முஸ்லிம் டொக்டர் சிசேரியன் சத்திரசிகிச்சையின்போது 4000 சிங்களத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்ததாக முன்பக்கத்தில் எழுதியது. மறுநாள் குருநாகல் போதனா வைத்தியசாலையின் டொக்டர் சேகு சிஹாப்தீன் முஹம்மத் ஷாபி கைதுசெய்யப்பட்டார். ஆதாரம் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் ஜூன் மாதத்திலேயே நீதிமன்றத்துக்குச் சொல்லிவிட்டது. ஆனாலும் ஜூலை 25 வரை அவருக்குப் பிணை கிடைக்கவில்லை. 2022இல் நிலுவைச் சம்பளமாகக் கிடைத்த சுமார் 26 இலட்சத்தை, மருந்துத் தட்டுப்பாட்டில் தவித்த நாட்டுக்கு மருந்து வாங்குமாறு அவர் திருப்பிக் கொடுத்தார். இதற்கு மேல் அவரைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை.

நான் சொல்ல வருவது வேறு. இந்த இரண்டு கதைகளையும் உடைக்க ஒரு விஞ்ஞான பாடமே போதுமானதாக இருந்தது. ஒரு தடவை விழுங்கினால் நிரந்தர மலட்டுத்தன்மை தரும் மாத்திரை உலகில் எங்கும் கிடையாது. கருத்தடை மாத்திரை என்பது ஹோர்மோன். அதை ஒவ்வொரு நாளும் எடுக்க வேண்டும், நிறுத்தினால் கருத்தரிக்கும் தன்மை திரும்பிவிடும். நிரந்தரக் கருத்தடை என்றால் நம் ஊர்த் தாய்மாரும் அறிந்த எல்.ஆர்.டி.தான். பலோப்பியன் குழாய்களைக் கட்டி வெட்டும் சத்திரசிகிச்சை அது. சிசேரியன் செய்யும் அறையில் உதவி டொக்டர், மயக்க மருந்து டொக்டர், தாதியர் என்று பலர் நிற்பார்கள். அத்தனை பேர் கண் முன்னால் இதை ஆயிரக்கணக்கில் இரகசியமாகச் செய்வது எப்படி?

ஆனால் முறைப்பாடு கொடுக்க வரிசையில் நின்ற நூற்றுக்கணக்கான பெண்கள் எல்லோரும் பொய்யர்களா? நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு பிள்ளை பிறந்த பின் அடுத்தது தரிக்காமல் தவிப்பவர்கள் எல்லாச் சமூகத்திலும் உண்டு. வயது, கிருமித்தொற்று, ஹோர்மோன் கோளாறு, கணவரின் விந்தணுக் குறைபாடு என்று அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். அப்படித் தவித்த ஒருத்திக்கு, ஏன் என்று யாரும் பொறுமையாக உட்கார்ந்து விளக்கியிராவிட்டால், ஒரு பத்திரிகை வந்து காரணத்துக்குப் பெயரும் முகமும் கொடுக்கும்போது அவள் அதைப் பிடித்துக்கொள்வாள்.

இனி எமது வீட்டைப் பார்ப்போம். எருக்கலம்பிட்டியிலோ சிலாவத்துறையிலோ கல்யாணமாகி மூன்று வருடம் பிள்ளை இல்லையென்றால் என்ன நடக்கிறது? கண்ணூறு என்கிறோம், செய்வினை என்கிறோம், தண்ணீர் ஓதிக் குடிக்கக் கொடுக்கிறோம். துஆ கேட்பதை நான் குறை சொல்லவில்லை. மருமகளை மூன்று டொக்டர்களிடம் கூட்டிப் போகும் மாமி, மகனை ஒரு சாதாரண விந்துப் பரிசோதனைக்கு அனுப்பச் சம்மதிப்பதில்லை என்பதைத்தான் சொல்கிறேன். உலக சுகாதார ஸ்தாபனம் 2023இல் வெளியிட்ட அறிக்கைப்படி, வாழ்நாளில் ஆறு பேரில் ஒருவர் கருவளப் பிரச்சினையைச் சந்திக்கிறார். ஆண், பெண் இருபாலாரும் அதில் அடக்கம்.

பெண்களிடம் இதற்கு மிகப் பொதுவான ஹோர்மோன் காரணம் பி.சி.ஓ.எஸ். 1935இல் சிக்காகோவின் ஸ்டைன், லெவெந்தால் என்ற இரு டொக்டர்கள், மாதவிடாய் நின்றுபோன, சூலகங்கள் பெருத்த ஏழு பெண்களைப் பற்றி எழுதியதிலிருந்துதான் நவீன மருத்துவம் இதைத் தனி நோயாகப் பார்க்கத் தொடங்கியது. அவர்கள் சூலகத்தில் ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள். ஏழு பேருக்கும் மாதவிடாய் திரும்பியது, இருவர் கருத்தரித்தார்கள். நோயின் பின்னால் இன்சுலின் சரியாக வேலை செய்யாமை இருக்கிறது என்று தெரியவர இன்னும் பல தசாப்தங்கள் எடுத்தன. சீனி வருத்தத்துக்குக் கொடுக்கும் மெட்போர்மினை இளம் பெண்ணுக்கு டொக்டர் எழுதுவது இதனால்தான். 'என் பிள்ளைக்குச் சீனியா?' என்று பயந்து குளிசையைக் குப்பையில் போடும் தாய்மாருக்கு இதை யாராவது சொல்ல வேண்டும்.

இந்த ஆய்வில் எமது நாட்டுக்கும் பங்குண்டு. பேராசிரியை சந்திரிகா விஜேரத்ன 2002இல் சக ஆய்வாளர்களோடு வெளியிட்ட கட்டுரை, தெற்காசியப் பெண்களுக்கு இந்நோய் வெள்ளையரைவிட இளவயதிலேயே, கடுமையாக வருகிறது என்று காட்டியது. பின்னர் கம்பஹா மாவட்டத்தில் 15 முதல் 39 வயதுப் பெண்களிடையே நடந்த ஆய்வு 2008இல் வெளியானது. அதில் 6.3 வீதமானோருக்கு இந்நோய் இருந்தது. அதாவது ஏறத்தாழ 16 பேரில் ஒருவர். 32 பெண்பிள்ளைகள் இருக்கும் ஒரு வகுப்புக்கு இந்தக் கணக்கைப் போட்டால் இரண்டு பேர் வருகிறார்கள். டீச்சர் வேலை பார்ப்பவர்களுக்கு இப்படிக் கணக்குப் போடாமல் இருக்க முடியாது.

அந்த இரண்டு பேருக்கும் பாடசாலையில் என்ன கிடைக்கிறது? இனப்பெருக்கப் பாடம் வந்ததும் 'வீட்டில் வாசியுங்கள்' என்று பக்கத்தைப் புரட்டும் வகுப்புகள் இன்னும் உண்டு. வெட்கம் ஈமானின் ஒரு பகுதி என்று உடனே பதில் வரும். சரி. ஆனால் ஃபாத்திமா பின்த் அபீஹுபைஷ் (ரழி) அவர்கள் தமக்கு நிற்காத இரத்தப்போக்கு இருப்பதாகவும், தொழுகையை விட்டுவிடலாமா என்றும் நபி (ஸல்) அவர்களிடம் நேராகவே கேட்டார்கள். இது மாதவிடாய் அல்ல, ஒரு நரம்பிலிருந்து வருவது என்று நபியவர்கள் விளக்கினார்கள். ஹைழ் கூடியது 15 நாள், அதற்கு மேல் இஸ்திஹாழா என்று ஷாபிஈ மத்ஹபு நாள் கணக்கோடு எழுதி வைத்திருக்கிறது. மத்ரஸாவில் பிள்ளைகள் ஓதும் அந்தக் கணக்கு, உடலைப் பற்றிய பாடமும்தானே?

மன்னாரில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1990 ஒக்டோபர் வெளியேற்றத்துக்குப் பிறகு எம்மில் பலருக்குப் புத்தளத்தில் ஒரு வீடும் இங்கே ஒரு வீடும். கிளினிக் கொப்பி அங்கே, ஆள் இங்கே. மாதக்கணக்கில் தொடர வேண்டிய ஹோர்மோன் சிகிச்சை இரண்டாவது மாதமே அறுந்துபோகிறது. சுகவனிதையர் கிளினிக் முக்கியமாக 35 வயதை எட்டிய பெண்களுக்காக நடக்கிறது. 17 வயதுப் பிள்ளை அந்த வரிசையில் போய் நிற்க மாட்டாள். 'கல்யாணமாகாத பிள்ளை ஏன் அங்கே போகிறாள்?' என்று ஊர் கேட்கும்.

பெரியபிள்ளையாகி முதல் வருடம் மாதவிடாய் தாறுமாறாக வருவது இயல்பு, பயப்பட வேண்டாம். மூன்று வருடம் கடந்த பிறகும் 21 நாளுக்குள் வந்தாலோ, 35 நாளுக்கு மேல் தள்ளிப்போனாலோ, வருடத்துக்கு எட்டுத் தடவைக்குக் குறைந்தாலோ காட்ட வேண்டும் என்கிறது 2023இன் சர்வதேச வழிகாட்டி. பதின்ம வயதினருக்கு நோயைத் தீர்மானிக்க ஸ்கேன் தேவையில்லை என்றும் அது சொல்கிறது. தனியார் நிலையங்களில் முதல் நாளே ஸ்கேனுக்குக் காசு கட்டுபவர்கள் இதைக் கவனிக்கவும். முதலில் வேண்டியது ஒரு கலண்டர். மகளின் திகதிகளைத் தாய் ஆறு மாதம் அதில் குறித்துக் கொண்டு போனால், டொக்டர் கேட்கும் முதல் கேள்விக்குப் பதில் அதில் இருக்கும்.